சட்ரஸ் பள்ளத்தில் ஒரு மூச்சு

அத்தியாயம் 11

ஆஷிகா வீட்டில் குண்டைத் தூக்கிப் போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

"புதுச்சேரியில டைவிங் கம்பெனி ஆபீஸ்ல உக்காந்து புக்கிங் பாக்குறேன்னு சொன்னது பாதிதான் உண்மை அத்தா. நானும் கடலுக்குள்ள இறங்குறேன். சிலிண்டர் கட்டிக்கிட்டு டைவ் பண்றேன். ரெண்டு கோர்ஸ் முடிச்சுட்டேன். ஆபீஸை விட்டுட்டு இனிமே அதுலயேதான் இருக்கப் போறேன்."

போன வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது அவள் இதைச் சொன்னாள். அன்றிலிருந்து அம்மா ரசியா பேகம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை வைப்பாள், சோற்றைப் போடுவாள், திரும்பிப் போய்விடுவாள்.

அத்தா லியாகத் அலி பேசினார். பேசாமல் இருந்திருக்கலாம்.

"ஊர்ல ஆயிரம் வேலை இருக்கு. என் புள்ளைக்குத் தண்ணிதான் கிடைச்சுதா?" என்று கடைக்குப் போகும்போதும் கேட்டார், கடையிலிருந்து வந்ததும் கேட்டார். முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் கயிறு, வலை, தார்ப்பாய் விற்கிற மனிதர். வலை வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் சிரித்துப் பேசுவார். வீட்டில் மட்டும் மூன்று வருஷமாகத் தண்ணீரைப் பற்றிய பேச்சே ஆகாது.

காரணம், ஃபஹத்.

ஆஷிகாவின் அண்ணன். துபாயிலிருந்து லீவில் வந்திருந்தவன், ஓர் ஐப்பசிக் காலையில் சிநேகிதன் அப்சரின் போட்டை வாங்கிக்கொண்டு முத்துப்பேட்டைக் காயலான லகூனுக்குள் தனியே போனான். மதியத்துக்கு மேல் காற்று திரும்பியது. மழை கொட்டியது. போட்டும் வரவில்லை, ஃபஹத்தும் வரவில்லை. அலையாத்திக் காட்டில் ஒவ்வொரு கால்வாயாக நுழைந்து தேடினார்கள். முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலிலும் தேடினார்கள். கடைசியில் உடல் கிடைக்காமல், மையத்து இல்லாமலே ஜனாஸா தொழுகை நடத்தினார்கள்.

ரசியா பேகம் அன்றைக்கு அழவில்லை. ஆனால் அந்த நாளிலிருந்து அந்த வீட்டில் மீன் சமைப்பதில்லை. முத்துப்பேட்டையில் மீன் வாங்காத வீடு அது ஒன்றுதான். ஏன் என்று எவரும் கேட்டதில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆஷிகா எவரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. முதன்முதலாகக் கடலுக்குள் இறங்கிய நாளிலேயே அது தொடங்கிவிட்டது. கீழே போய், மூச்சு சீராகி, காதில் காற்றுக் குமிழிகளின் சத்தம் மட்டும் கேட்கிற நேரத்தில், இடப்பக்கத்தில் கொஞ்சம் பின்தள்ளி யாரோ வருவதுபோல் இருக்கும். திரும்பினால் நீலம்தான் இருக்கும். மறுபடி நேரே பார்த்தால், மறுபடி வருவான்.

வருவான் என்றுதான் அவள் மனம் சொல்லியது. வரும் என்றோ, வருகிறார்கள் என்றோ அல்ல.

- - -

இந்த வெள்ளிக்கிழமை காலை, குந்தவை போன் பண்ணினாள். புதுச்சேரியில் ஆஷிகாவுக்குப் பயிற்சி கொடுத்தவள். தஞ்சாவூர்க்காரி. பேச்சில் வளைவு சுளிவு கிடையாது.

"என்னடி, முடிவு பண்ணிட்டியா?"

"இன்னும் ரெண்டு நாள் குடுங்கக்கா."

"போன வாரமும் இதையேதான் சொன்ன. இன்னைக்குச் சாயங்காலம் நான் பேர் குடுக்கணும். ராத்திரி டைவ், மூழ்கின கப்பல், ஆழத்துக்குப் போறது, இதுல எதுவும் உனக்கு வேணாம்னு எனக்கே தெரியும். மிச்சம் ரெண்டு. ரெஸ்க்யூவா, தேடி எடுக்குற கோர்ஸா? ரெண்டும் ஒரே வாரத்துல ஆரம்பிக்குது. ஒண்ணுதான் முடியும்."

ஆஷிகா மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

ரெஸ்க்யூ என்றால் தண்ணீருக்குள் பதறுகிறவனை அமைதிப்படுத்துவது, மயங்கியவனை மேலே கொண்டுவருவது, கரையில் போட்டு மூச்சு கொடுப்பது. இன்னொன்றில் திசைகாட்டி பிடித்து வட்டம் வட்டமாகத் தேடுவது, கயிறு கட்டித் தேடுவது, கிடைத்ததைக் காற்றுப்பை கட்டித் தூக்குவது.

"தேடி எடுக்குறதுதான்னு நினைக்குறேன்க்கா."

குந்தவையின் குரல் தணிந்தது.

"உங்க அண்ணனுக்காகவா?"

ஆஷிகா படியின் விளிம்பை நகத்தால் கீறினாள்.

"ஆஷி, அந்தக் கோர்ஸ்ல விழுந்த நங்கூரத்தைத் தேடச் சொல்லித் தருவோம். கேமராவைத் தேடச் சொல்லித் தருவோம். மனுஷனைத் தேடச் சொல்லித் தர மாட்டோம். அதுவும் மூணு வருஷம் கழிச்சு. புரியுதா?"

"புரியுதுக்கா."

"இன்னொண்ணு கேக்கணும்னு இருந்தேன். கீழ இருக்கும்போது சும்மா சும்மா இடப்பக்கம் திரும்புறியே, ஏன்? உன்கூட இறங்குற ஜோடி வலப்பக்கம்ல வர்றான்?"

"மாஸ்க் கொஞ்சம் லூஸுக்கா. தண்ணி வருது."

"மாஸ்க்கை மாத்து" என்றாள் குந்தவை. நம்பின குரலாக அது இல்லை.

போனை வைத்தபோதுதான் வாசல் கேட்டுக்கு வெளியே ஓர் ஆள் நிற்பதை ஆஷிகா பார்த்தாள். அழைப்பு மணியை அழுத்தாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வேட்டியில் முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது.

"பாய் இருக்காங்களா?"

லியாகத் அலி எட்டிப் பார்த்துவிட்டு வேகமாக இறங்கிவந்தார். "வைரக்கண்ணு! என்னய்யா இங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க."

வைரக்கண்ணு மன்னார்குடிக்குத் தெற்கே பாமணி ஆற்றங்கரைக்காரர். அறுவடைக்கு அறுவடை லியாகத் அலி கடையில்தான் தார்ப்பாய் எடுப்பார். உள்ளே வந்தவர் உட்காரவில்லை.

"பாய், என் பையன் ராம்கி… நேத்து காலையில சட்ரஸுக்குக் கீழ குளிக்க இறங்குனான். மாமன் பையன் இராஜாங்கமும் கூட இருந்தான். இராஜாங்கம் கரையேறிட்டான். இவன் ஏறல."

ஆற்றுத் தண்ணீரைக் கதவுகளால் தடுத்து வாய்க்கால்களுக்குப் பிரித்துவிடுகிற கட்டுமானத்துக்கு அந்தப் பக்கம் சட்ரஸ் என்றுதான் பெயர். கதவுக்குக் கீழே தண்ணீர் விழுந்து விழுந்து தரை பள்ளமாகிக் கிடக்கும். அந்தப் பள்ளத்தின் ஆழம் ஆற்றுக்கே தெரியாது என்பார்கள்.

"ஃபயர் சர்வீஸ் வந்திருக்காங்க. கொக்கி போட்டு இழுத்துப் பாத்துட்டாங்க. கிடைக்கல. உங்க பொண்ணு தண்ணிக்குள்ள மணிக்கணக்கா இருக்குற படிப்பு படிச்சிருக்குன்னு உங்க கடையில பேசிக்கிட்டாங்க…"

அவர் ஆஷிகாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயோ, கையை இறக்குங்கய்யா" என்று பதறினாள் ஆஷிகா.

லியாகத் அலி குறுக்கே வந்தார். "வைரக்கண்ணு, உங்க வயித்தெரிச்சல் எனக்குப் புரியாம இல்ல. எனக்குப் புரியாம வேற யாருக்குப் புரியும்? ஆனா இது சின்னப் புள்ள. இப்பதான் கத்துக்குது. அனுப்ப மாட்டேன்."

அப்போது சமையலறை வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"போம்மா."

ஒரு வாரத்தில் ரசியா பேகம் மகளிடம் சொன்ன முதல் வார்த்தை அது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"போய் அந்தப் புள்ளைய எடுத்துக் குடு."

"ரசியா! உனக்குப் புத்தி பிசகிடுச்சா? ஒண்ணு போனது பத்தலையா?"

"அந்தப் புள்ளையோட அம்மாவுக்கு அவன் மூஞ்சியைப் பாத்து அழுகவாவது கிடைக்கட்டும்ங்க. எனக்கு அதுகூடக் கிடைக்கல."

லியாகத் அலி சட்டையை மாட்டிக்கொண்டார். வேன் சாவியை எடுத்தார்.

- - -

வைரக்கண்ணு தன் பைக்கில் முன்னால் போனார். பின்னால் ஆம்னி வேன்; அத்தா ஓட்ட, ஆஷிகாவும் அம்மாவும் பின்சீட்டில். ஆஷிகாவின் மடியில் அவளுடைய பை இருந்தது. மாஸ்க், துடுப்புக் காலணி, வலை அறுக்கிற சின்னக் கத்தி. சிலிண்டர் கிடையாது. அது புதுச்சேரியில்.

வழியில் குந்தவையைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"இறங்காதே" என்றாள் குந்தவை உடனே. "ஆத்துத் தண்ணி, கண்ணு தெரியாது, அடியில என்ன கிடக்குன்னு தெரியாது, கூட ஜோடி இல்ல. சிலிண்டரே இருந்தாலும் நீ இறங்கக்கூடாது. அங்க போய் நில்லு. அவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லு. அதைச் சொல்றதுதான் இருக்குறதுலயே கஷ்டம். கேக்குதா?"

"கேக்குதுக்கா."

இரண்டு பக்கமும் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. வயல் நிறையத் தண்ணீர். தண்ணீரில் வானம். ரசியா பேகம் வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"தண்ணிக்குள்ள போறப்ப அவன் உன்கூட வர்றானா?"

ஆஷிகா அம்மாவின் பக்கம் திரும்பினாள். முன்சீட்டில் அத்தாவின் கழுத்து விறைப்பதைப் பார்த்தாள்.

"யாரும்மா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"வர்றான்மா. இடப்பக்கமா வர்றான்."

ரசியா பேகம் தலையை ஆட்டினாள். பக்கத்து ஊரில் இருக்கிற மகனைப் பற்றி விசாரிப்பதுபோல இருந்தது அவள் முகம்.

"பேசுறானா?"

"இல்லம்மா. நான் திரும்புனா இருக்க மாட்டான்."

"எங்கிட்டயும் அப்படித்தான்" என்றாள் ரசியா பேகம்.

எதிரே ஒன்றுமே வராத சாலையில் லியாகத் அலி ஹாரனை நீளமாக அழுத்தினார்.

- - -

சட்ரஸ் பாலத்தின் மேல் கைப்பிடிச் சுவர் தெரியாத அளவுக்குக் கூட்டம். கதவுகளை இறக்கித் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். கீழே பள்ளம் மட்டும், தேநீர் நிறத்தில், அசைவில்லாமல் கிடந்தது. எதிர்க்கரை ஓரமாகத் தீயணைப்பு வீரர்களின் ரப்பர் படகு.

படித்துறையில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள் அழுதார்கள். அவள் அழவில்லை. அதனாலேயே அவள்தான் தாய் என்று தெரிந்தது.

"மங்களாம்பிகை, இந்தப் பொண்ணுதான்" என்றார் வைரக்கண்ணு.

உறவுக்காரர் ஒருவர் ஓடிவந்தார். "வாம்மா, எல்லாம் ரெடி பண்ணிட்டோம்." அவர் காட்டிய இடத்தில் ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு வைக்கிற ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று நின்றது. மன்னார்குடிவரை போய் எடுத்து வந்திருந்தார்கள்.

ஆஷிகா அதன் அருகே போய்ப் பார்த்தாள். "ஐயா, இது இல்ல. நாங்க சுவாசிக்கிறது சாதாரணக் காத்து. அதுக்கு வேற சிலிண்டர், வேற கருவி. இதைக் கட்டிக்கிட்டு இறங்க முடியாது."

"சிலிண்டர்தானேம்மா?"

"இல்லைங்கய்யா. அப்படியே அது இருந்தாலும் நான் இறங்கக் கூடாது. நான் படிச்சது வேற. தெளிஞ்ச கடல்ல, கூட ஆளோட இறங்கப் படிச்சிருக்கேன். இந்தப் பள்ளத்துல இறங்கப் படிக்கல."

கூட்டத்தில் சலசலப்பு. "இதுக்கா இவ்வளவு தூரம் வந்துச்சு?" என்றது ஒரு குரல்.

தீயணைப்பு அதிகாரி படகிலிருந்தே கைகாட்டினார். "அந்தப் பொண்ணு சொல்றது சரிதான்யா. யாரும் இறங்காதீங்க. முக்குளிக்கிற டீம் கிளம்பிட்டாங்க, வந்துருவாங்க."

மங்களாம்பிகை ஆஷிகாவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"ஏம்மா, நீ உள்ள போயிருக்கியே. அடியில குளிருமா?"

"குளிராதும்மா" என்றாள் ஆஷிகா. "ஆத்துத் தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கும்."

மங்களாம்பிகை சரி என்பதுபோலத் தலையசைத்தாள். அந்தப் பதில் போதும் என்பதுபோலக் கையை விட்டாள்.

ஆஷிகா எழுந்து திரும்பியபோது, அம்மா நின்றிருந்தாள்.

"அப்புறம் எதுக்குடி படிச்ச?" என்றாள் ரசியா பேகம். "ஒரு வாரமா நினைச்சு நினைச்சுப் பாத்தேன். என் மவ ஏன் தண்ணியைத் தேடிப் போறான்னு. அவனை எடுத்துட்டு வரத்தான் போறான்னு நினைச்சேன். அதுக்கும் இல்லையா? அப்ப எதுக்கு?"

ஆஷிகா அம்மாவை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

பாலத்தின் மேலிருந்து "டேய்! டேய், புடிங்கடா!" என்று அலறல் எழுந்தது.

இராஜாங்கம். நேற்றிலிருந்து சாப்பிடாமல், பாலத்துச் சுவரில் சாய்ந்து, எவர் முகத்தையும் பார்க்காமல் நின்றிருந்தவன். யாரும் இறங்க முடியாது என்ற பேச்சு அவன் காதிலும் விழுந்திருக்க வேண்டும். சுவரில் ஏறினான். குதித்தான்.

தண்ணீர் மூடிக்கொண்டது. ஒருமுறை அவன் தலை தெரிந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனான். அதன் பிறகு வரவில்லை. ஓரிடத்தில் மட்டும் கொப்புளம் கொப்புளமாகக் காற்று வந்தது.

ரப்பர் படகு எதிர்க்கரையில். துடுப்புப் போட்டு வரவேண்டும்.

ஆஷிகா பையிலிருந்த கத்தியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, துப்பட்டாவை உருவி அம்மாவின் கையில் திணித்தாள். "அத்தா, கயிறு!"

வேனில் எப்போதும் கயிறு கிடக்கும். லியாகத் அலி அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். அவர் குனிந்து அவள் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்தார். முடிச்சு நழுவவில்லை.

"நான் விடாம இழுத்தா, நீங்க இழுங்க. நான் இழுக்கலைன்னாலும் கொஞ்ச நேரத்துல இழுத்துருங்க."

"போ" என்றார் அவர்.

- - -

தண்ணீருக்குள் ஒன்றுமே தெரியவில்லை. கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒரே பழுப்பு. கொஞ்சம் கீழே போனதும் அதுவும் இல்லை.

கொப்புளம் வந்த திசையை மனதில் வைத்துக்கொண்டு தலைகீழாக இறங்கினாள். காது வலித்தது. மூக்கைப் பிடித்து ஊதினாள். கையை நீட்டித் துழாவினாள். முள் குத்தியது. வெள்ளத்தில் வந்து சிக்கிய கருவேல மரம் ஒன்று பள்ளத்துக்குள் கிடந்தது. அதன் கிளைகளில் அறுந்த வலைகள் சுற்றியிருந்தன.

வலக்கையில் ஒரு கால் பட்டது. உதைத்தது. உயிருள்ள கால்.

கணுக்காலில் நைலான் வலை இறுகியிருந்தது. கத்தியை எடுத்தாள். அறுப்பதற்கு ஊன்றிக்கொள்ள ஒரு பிடிமானம் வேண்டும். இடக்கையை நீட்டிக் கிளையைத் தேடினாள்.

கிளை கிடைக்கவில்லை. ஒரு கை கிடைத்தது.

விரல்கள் விரிந்து, லேசாக மடங்கி, யாரோ வாங்கிக்கொள்ள வேண்டும் என்று நீட்டினாற்போல இருந்த கை. இடப்பக்கத்தில்.

அண்ணே.

அவள் அதை இறுகப் பிடித்தாள். கடலில் இறங்கும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்த இடத்தில், கடைசியில் ஒரு கை. இங்கேதான் இருந்தாயா? எவ்வளவு நேரம் பிடித்திருந்தாள் என்று அவளுக்கே பிறகு சொல்லத் தெரியவில்லை. ஓர் இதயத்துடிப்பாக இருக்கலாம். அந்தக் கை திருப்பிப் பிடிக்கவில்லை.

வலக்கையில் இருந்த கால், உதைப்பதை நிறுத்தியிருந்தது.

நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. இருப்பது ஒரு மூச்சு. அதில் முக்கால்வாசி போய்விட்டது. அறுக்க ஒரு கை போதாது.

ஆஷிகா இடக்கையை விட்டாள்.

இரண்டு கையாலும் வலையைப் பிடித்து அறுத்தாள். ஓர் இழை, இன்னோர் இழை. கால் விடுபட்டது. இராஜாங்கத்தின் சட்டையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கயிற்றை விடாமல் இழுத்தாள். அடுத்த கணம் மேலேயிருந்து யாரோ பிடுங்கி எடுப்பதுபோல இடுப்பில் கயிறு இறுகியது.

வெளிச்சம். கூச்சல். காற்று.

படித்துறையில் இராஜாங்கத்தைப் போட்டார்கள். உதடு நீலம் பாரித்துக் கிடந்தது. மூச்சில்லை. "குப்புறப் போட்டு அழுத்துங்க", "தலைகீழா சுத்துங்க" என்று ஆளுக்கு ஒன்று கத்தினார்கள்.

"யாரும் தொடாதீங்க!" என்று கத்தினாள் ஆஷிகா. அவன் தலையை நிமிர்த்தி, மூக்கை அடைத்து, வாயோடு வாய் வைத்து ஊதினாள். கூட்டம் சட்டென்று அடங்கியது. யாரோ ஒருத்தி "அடி ஆத்தி" என்றாள். அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள், அத்தா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது ஆஷிகாவின் நினைவில் எங்கோ ஓர் ஓரத்தில் இருந்தது. அவள் மறுபடி ஊதினாள். நெஞ்சை அழுத்தினாள். அழுத்தினாள். மறுபடி ஊதினாள். படகிலிருந்து குதித்து வந்த தீயணைப்பு வீரர் ஒருவர் மறுபக்கம் மண்டியிட்டு, அழுத்தும் வேலையைக் கையிலெடுத்துக்கொண்டார்.

இராஜாங்கம் இருமினான். தண்ணீரைக் கக்கினான். பிறகு, குழந்தை மாதிரி ஓவென்று அழுதான்.

தயாராக நின்ற ஆம்புலன்ஸில் அவனை ஏற்றினார்கள். ஆஷிகா எழுந்து அதிகாரியிடம் போனாள். கையை நீட்டி இடத்தைக் காட்டினாள்.

"அங்க சார். கருவேல மரம் ஒண்ணு கிடக்கு. அதோட கிளையில… அவர் அங்கதான் இருக்கார்."

"எப்படித் தெரியும்?"

"கையைத் தொட்டேன்."

மரத்துக்குக் கயிறு கட்டி இழுத்தார்கள். மரத்தோடு ராம்கி வந்தான்.

மங்களாம்பிகை அப்போதுதான் அழுதாள். ஆற்றின் இரண்டு கரையும் கேட்க அழுதாள். மகன் முகத்திலிருந்த சேற்றை முந்தானையால் துடைத்துத் துடைத்து அழுதாள். ரசியா பேகம் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஈரத் துணியால் அவன் கால்களைத் துடைத்தாள். யாரும் அவளை நீ யார் என்று கேட்கவில்லை.

- - -

திரும்பும் வழியில், ஒரு பெட்டிக்கடை ஓரத்தில் லியாகத் அலி வேனை நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார். அவர் உள்ளங்கைகளில் கயிறு இழுத்த சிவப்புத் தடம். ஆஷிகா இறங்கி, சாலையோரமாக நின்று குந்தவையைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

குந்தவை திட்டினாள். "இறங்காதேன்னு சொன்னேன்ல? நீயும் மாட்டிருந்தா? அந்த வலை உன் கால்லயும் சுத்திருந்தா? தனியா இறங்குனது தப்பு. கயிறு கட்டுனது ஒண்ணுதான் நீ உருப்படியாச் செஞ்ச காரியம்." மூச்சு விடாமல் திட்டிவிட்டு, குரல் உடைந்து, "அந்தப் பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டாள்.

"பொழைச்சுட்டான்க்கா."

"ம்."

"அக்கா… ரெஸ்க்யூவுக்கு என் பேரைக் குடுத்துருங்க."

"நிஜமா?"

"ரெண்டு கையிலயும் ரெண்டு பேர் இருந்தாங்கக்கா. ஒரு கையை விட்டேன். அப்பவே முடிவாயிடுச்சு."

வேன் மறுபடி புறப்பட்டது. முத்துப்பேட்டை நெருங்கும்போது ரசியா பேகம் ஆஷிகாவின் ஈரத் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணு சொல்றேன். நீ என்னைத் தப்பா நினைக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"நீ உள்ள போனியா. தண்ணி மூடிடுச்சு. அத்தா கையில கயிறு அப்படியே நிக்குது. அப்ப நான் உன் பேரை மட்டும்தான் சொன்னேன். அவனை நினைக்கவே இல்ல. மூணு வருஷத்துல அவனை நினைக்காம ஒரு நிமிஷம் இருந்ததில்ல. அந்த நேரம் என் மவனை நான் மறந்தே போயிட்டேன் ஆஷிகா." அவள் குரல் தேய்ந்தது. "அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா? அம்மா மறந்துட்டான்னு?"

ஆஷிகா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்சீட்டில் லியாகத் அலி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேனை ஓட்டினார்.

பொழுது சாய்ந்து, மஃரிப் தொழுது முடித்த நேரம். ஆஷிகா குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். காலையிலிருந்து மூன்று பேரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ரசியா பேகம் சோறு வடித்து, தால்ச்சாக் குழம்பைச் சூடாக்கி எடுத்து வந்தாள்.

வாசலில் பைக் நின்றது. ஃபஹத்தின் சிநேகிதன் அப்சர். செருப்பைக் கழற்ற மறந்து கூடத்துக்குள் வந்துவிட்டான். மூச்சு வாங்கியது.

"மாமா… முகத்துவாரத்துக்கிட்ட நம்ம ஆளுங்க ரெண்டு பேரு வலை இழுத்திருக்காங்க. வலை அடியில எதுலயோ மாட்டிக்கிச்சு. இறங்கிப் பாத்திருக்காங்க." எச்சிலை விழுங்கினான். "ஒரு போட்டு மாமா. சேத்துல பாதி புதைஞ்சு கிடக்காம். அடையாளம் சொல்றாங்க. என் போட்டுதான்."

லியாகத் அலி எழுந்து நின்றார். கை சுவரைத் தேடியது.

"உள்ள…?" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

"உள்ள பாக்கல மாமா. பயந்துட்டு மேல வந்துட்டாங்க. தெரிஞ்சவங்க யாராவது இறங்கிப் பாத்தாத்தான்…"

அவன் ஆஷிகாவைப் பார்த்தான். லியாகத் அலியும் பார்த்தார். ஆஷிகா தட்டை நகர்த்தினாள். எழுந்திருக்கக் காலை மடக்கினாள்.

தோளில் ஒரு கை அழுத்தியது.

ரசியா பேகம் பின்னால் நின்றிருந்தாள். இன்னொரு கையில் கரண்டி. அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்க ஆஷிகாவுக்குத் துணிவு வரவில்லை. அந்தக் கை அவளை எழவிடவில்லை.

"அப்சரு, நீயும் கையைக் கழுவிட்டு உக்காரு" என்றாள் ரசியா பேகம். குனிந்து, மகளின் தட்டில் சோற்றைப் போட்டாள்.

"எதுவா இருந்தாலும் நாளைக்குப் பாத்துக்கலாம். நீ மொதல்ல சாப்பிடு."